‘மீ’ என்ன தப்பு பண்ணுச்சு?

ரயில்ல நின்னுட்டே கேக்கறவங்க, பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேக்கறவங்க, ஆபீஸ்ல வேலை பாக்கற மாதிரி நடிச்சுக்கிட்டே கேக்கறவங்க, எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு ராஜா இல்ல, போர் இல்ல, கோட்டை இல்ல. நாலு சின்ன வார்த்தைதான். ‘ஐ’, ‘மீ’, ‘ஹி’, ‘ஹிம்’. இதுங்களால நான் அசிங்கப்பட்ட கதையிலேர்ந்தே ஆரம்பிக்கறேன்.

என் முதல் வேலை. சேர்ந்து மூணு மாசம். கிளையண்ட் கால் ஓடிட்டு இருக்கு. எங்க மாட்யூல்ல ஒரு பக். யார் பாக்கப்போறீங்கன்னு கேட்டாங்க. நானும் பக்கத்து சீட் பையனும் பாக்கறோம்னு சொல்லணும். ‘மீ அண்ட் ஹிம் வில் ஃபிக்ஸ் இட்’னு சொல்லிட்டேன். கிளையண்ட் ‘கிரேட்’னு சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டார். என் மேனேஜர் போகல. கால் முடிஞ்சதும், பதினோரு பேர் இருந்த ரூம்ல, ‘ஹி அண்ட் ஐ’ன்னு நிறுத்தி நிதானமா ரெண்டு தடவை சொன்னார். அப்புறம் ஒரு கேள்வி: ‘எந்த ஸ்கூல் நீ?’ எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன்.

அன்னியிலேர்ந்து ‘மீ’ங்கற வார்த்தையையே தொடறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். மெயில்ல எல்லாம் ‘ப்ளீஸ் சென்ட் இட் டு ஹிம் அண்ட் ஐ’. மீட்டிங்ல ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’. எனக்கே கேக்க அது கோட் சூட் போட்ட மாதிரி இருந்துச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு டீம்ல புதுசா ஒரு டெஸ்டர் சேர்ந்தாங்க. அரசுப் பள்ளி, பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். ஒருநாள் டீக்கடையில தயங்கித் தயங்கி, ‘அண்ணா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?’ன்னு ஆரம்பிச்சாங்க. ‘நீங்க டு ஹிம் அண்ட் ஐன்னு எழுதறீங்கல்ல. எங்க இங்கிலீஷ் மிஸ் ஒரு வித்தை சொல்லிக் குடுத்தாங்க. கூட இருக்கிற ஆளை விரலால மறைச்சிடணும். மறைச்சிட்டு மிச்சத்தைப் படிங்க. சென்ட் இட் டு ஐ. நீங்க அப்படிச் சொல்வீங்களா?’

சொல்ல மாட்டேன். யாரும் சொல்ல மாட்டாங்க. சீட்டுக்கு வந்து சென்ட் பாக்ஸ்ல தேடினேன். 143 மெயில். அதுல பாதி அந்த மேனேஜருக்கே போனது. அவர் ஒண்ணைக்கூடத் திருத்தல. அவருக்கும் ‘அண்ட் ஐ’ன்னா கௌரவம்னு தோணியிருக்கு போல.

அந்த விரல் வித்தை கச்சிதமா வேலை செய்யும், இப்பவே எடுத்து வச்சுக்கங்க. ‘மீ அண்ட் ஹிம் வில் ஃபிக்ஸ்’ல ‘அண்ட் ஹிம்’மை மறைச்சா ‘மீ வில் ஃபிக்ஸ்’, தப்பு. அப்போ அங்கே ‘ஐ’ வரணும். ‘சென்ட் டு ஹிம் அண்ட் மீ’ல ‘ஹிம் அண்ட்’டை மறைச்சா ‘சென்ட் டு மீ’, சரி. செய்யறவன் இடத்துல ‘ஐ, ஹி, ஷி, வி, தே’. செயல் போய் விழற இடத்துலயும், ‘டு, ஃபார், வித், பிட்வீன்’ மாதிரி வார்த்தைக்குப் பின்னாடியும் ‘மீ, ஹிம், ஹர், அஸ், தெம்’. இலக்கணம் இவ்வளவுதான். ஒரு நிமிஷத்துல முடிஞ்சது.

இந்தச் சின்ன விஷயத்துக்கு ஒரு மனுஷன் இன்னொருத்தனை எந்த ஸ்கூல்னு கேக்கற நிலைமை எப்படி வந்துச்சு? அதுதான் இன்னிக்குக் கதை.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்த இங்கிலீஷைப் பார்த்தா, இந்த விஷயத்தில் அது கிட்டத்தட்ட நம்ம தமிழ் மாதிரி இருந்தது. ‘ராமன் புலியைக் கொன்றான்’, ‘புலியை ராமன் கொன்றான்’. வார்த்தையை எப்படிக் கலைச்சுப் போட்டாலும் செத்தது புலிதான். காரணம், புலிக்குப் பின்னாடி ஒட்டியிருக்கிற அந்த ‘ஐ’. இரண்டாம் வேற்றுமை உருபு. (இங்கிலீஷ்ல ‘ஐ’ வந்தா எழுவாய், தமிழ்ல ‘ஐ’ வந்தா செயப்படுபொருள். நான் குழம்பினதுல தப்பே இல்ல.) பழைய இங்கிலீஷிலும் பெயர்ச்சொல்லுக்கு இப்படி வால்கள் இருந்தன. ராஜா அடித்தாரா, அடி வாங்கினாரா என்பதை வால் சொல்லும்.

பிறகு அந்த வால்கள் தேய ஆரம்பித்தன. அந்த மொழியில் வார்த்தையின் முதல் பகுதியை அழுத்திச் சொல்லும் பழக்கம். கடைசிப் பகுதி வாய்க்குள்ளேயே போய்விடும். ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் வைக்கிங்குகள் குடியேறினார்கள். 1066-இல் நார்மண்டியிலிருந்து வில்லியம் வந்து நாட்டைப் பிடித்தார். அதன்பின் பல தலைமுறைகளுக்கு அரண்மனை மொழி பிரெஞ்சு. இங்கிலீஷ் என்பது வயலிலும் சந்தையிலும் பேசுகிற மொழி. அதைத் திருத்த அப்போது ஒரு வாத்தியாரும் இல்லை. சாசரின் காலத்துக்கு, அதாவது பதினான்காம் நூற்றாண்டின் முடிவுக்கு வரும்போது, பெயர்ச்சொல்லில் இந்த வேலையைச் செய்த வால்கள் அநேகமாக எதுவும் மிச்சமில்லை. வால் செய்த வேலையை வரிசை செய்தது. முன்னாடி நிற்பவன் செய்பவன், பின்னாடி நிற்பவன் வாங்குபவன்.

பழைய சிஸ்டத்தைப் புதுசுக்கு மாத்தும்போது நாலு ஃபைல் மட்டும் பழைய ஃபார்மேட்லயே தங்கிடும் பாருங்க. எதுக்கு இருக்குன்னு யாருக்கும் தெரியாது, அழிக்கவும் பயம். ‘ஐ-மீ’, ‘ஹி-ஹிம்’ எல்லாம் அந்த ஃபைல்கள்தான். தினமும் ஆயிரம் தடவை வாயில் புழங்கிய வார்த்தைகள் என்பதால் தேயாமல் தப்பின.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம். ‘ஹிம்’ என்பதை நாம் ‘அவனை’ என்று படிக்கிறோம். ஆனால் பழைய இங்கிலீஷில் ‘அவனை’ என்பதற்கு வேறு ஒரு வடிவம் இருந்தது. ‘ஹிம்’ என்றால் ‘அவனுக்கு’. நம்ம நான்காம் வேற்றுமை. ‘ஹூம்’ என்றால் ‘யாருக்கு’. காலப்போக்கில் ‘அவனை’ செத்துப்போக, ‘அவனுக்கு’ வந்து இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்துகொண்டது.

நாம் ‘எனக்குப் பசிக்குது’ என்று சொல்கிறோம். ‘நான் பசிக்கிறேன்’ என்று சொல்வதில்லை. ‘எனக்குத் தோணுது’, ‘எனக்குப் பிடிக்கும்’. பசியும் பிடித்தலும் நான் செய்கிற செயல் இல்லை, எனக்கு வந்து சேர்கிற விஷயம். பழைய இங்கிலீஷும் இதையேதான் சொன்னது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் ‘மீதிங்க்ஸ்’ என்று ஒரு வார்த்தை அடிக்கடி வரும். ‘மீ திங்க்ஸ்’ஆ, இலக்கணமே தெரியாத ஆளா என்று காலேஜில் நான் சிரித்திருக்கிறேன். அதில் இருக்கும் ‘திங்க்’ நினைப்பது என்ற வினையே இல்லை. தோன்றுவது என்று பழைய மொழியில் தனி வினை ஒன்று இருந்தது. பிறகு இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டன. ‘மீதிங்க்ஸ்’ என்றால் எழுத்துக்கு எழுத்து நம்ம ‘எனக்குத் தோணுது’.

டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்பெர்சன் என்ற மொழியியலாளர் இந்த மாற்றம் எப்படி நடந்திருக்கும் என்று ஒரு குட்டி உதாரணத்தை வைத்து விளக்கினார். முதலில் ‘ராஜாவுக்குப் பேரிக்காய்கள் பிடித்தன’ என்ற வாக்கியம். ராஜாவுக்குப் பின்னால் ‘கு’ இருக்கிறது, வினை பேரிக்காய்க்குப் போகிறது, சிக்கல் இல்லை. வால் தேய்ந்தது. இப்போது ‘ராஜா பிடித்தது பேரிக்காய்கள்’ என்ற மாதிரி நிற்கிறது. முன்னாடி நிற்பவர்தான் செய்பவர் என்பது புது விதி. கேட்டவர்கள் ராஜாதான் எழுவாய் என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு ராஜாவை எடுத்துவிட்டு சுட்டுப்பெயர் போட்டபோது, ‘ஹிம்’ வரவேண்டிய இடத்தில் ‘ஹி’ வந்து நின்றது. ‘ஹி லைக்டு பேர்ஸ்’. இன்றைக்கு எந்த ஆசிரியர் படித்தாலும் சரி போடுகிற வாக்கியம். பழைய கணக்குப்படி அப்பட்டமான தப்பு.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று நம் எல்லார் வாயிலும் தினமும் இருக்கிறது. ‘யூ’.

பழைய வரிசையில் ‘யீ’ என்பது எழுவாய், ‘யூ’ என்பது செயப்படுபொருள். ‘வி-அஸ்’ மாதிரி ‘யீ-யூ’. பைபிளின் 1611 மொழிபெயர்ப்பில் இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். அந்த நேரத்திலேயே தெருவில் ‘யூ’ இரண்டு இடத்தையும் பிடித்துவிட்டது. ஆக ‘யூ ஆர்’ என்று சொல்லும்போதெல்லாம் ‘ஹிம் இஸ்’ என்று சொல்கிற அதே வேலையைத்தான் செய்கிறோம். அன்று என்னைத் திருத்திய வாக்கியத்திலேயே மேனேஜர் ‘யூ ஷுட் ஸே’ன்னு ஆரம்பிச்சார். இது தெரிஞ்சிருந்தா... சரி, தெரிஞ்சிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

‘யூ’ பன்மை. ஒருமைக்கு ‘தௌ’ எழுவாய், ‘தீ’ செயப்படுபொருள். நம்ம நீ-நீங்க கதையேதான். மேலே இருக்கிறவருக்கு ‘யூ’, கீழே இருக்கிறவனுக்கும் நெருக்கமானவனுக்கும் ‘தௌ’. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் குழு, ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரின் தலைமையில், கடவுள் முன்னாடி எல்லாரும் ஒன்று, ஒரே ஆளிடம் பன்மை எதற்கு என்று கேட்டது. நீதிபதியையும் ‘தௌ’ என்றார்கள். நம்ம ஊர் கோர்ட்டில் ஜட்ஜைப் பார்த்து ‘நீ சொல்லு’ன்னு ஆரம்பிச்சுப் பாருங்க, அவங்க வாங்கின அடி புரியும். 1660-இல் ஃபாக்ஸும் கூட்டாளிகளும் பல மொழிகளிலிருந்து ஒருமை-பன்மை உதாரணங்களை அடுக்கி ஒரு புத்தகமே போட்டார்கள். சுட்டுப்பெயருக்காக உதை வாங்கியவர்கள் சரித்திரத்தில் நிஜமாகவே உண்டு.

(இடையிசை)

இப்போ வாத்தியார்கள் வர்றாங்க.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்து. வியாபாரத்தில் பணம் சம்பாதித்த ஒரு புதுக் கூட்டம். வீடு வாங்கியாச்சு, குதிரை வண்டி வாங்கியாச்சு, வாயைத் திறந்தால் மட்டும் பழைய தெரு எட்டிப்பார்க்கிறது. நம்ம ஊரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் போஸ்டர் எப்படி ஒட்டுகிறார்களோ, அதேபோல் அங்கே இலக்கணப் புத்தகங்கள் வர ஆரம்பித்தன. அவற்றில் நமக்கு முக்கியமானவை இரண்டு. ஒரு வருஷ இடைவெளியில் வந்தவை.

1761-இல் வந்ததை எழுதியவர் ஜோசப் ப்ரீஸ்ட்லி. ஆமாங்க, கெமிஸ்ட்ரி புத்தகத்தில் ஆக்ஸிஜன் பாடத்தில் வருவாரே, அதே ஆள். தண்ணீரில் வாயுவை ஏற்றி சோடா செய்யும் முறையை எழுதியவரும் அவர்தான். அதற்கெல்லாம் முன்னாடி அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அரசாங்கத் திருச்சபையில் சேராத ஒரு சிறு பிரிவின் போதகர். மறு வருஷம், 1762-இல், பெயர் போடாமல் ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் ராபர்ட் லௌத். ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தவர், பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர். தன் சின்னப் பையனுக்காக எழுத ஆரம்பித்த புத்தகம் அது என்பார்கள்.

கதவைத் தட்டுகிறோம். உள்ளேயிருந்து ‘யாரு?’ நாம ‘நான்தான்’னு சொல்லிட்டு நிப்போம், வினைச்சொல்லே தேவையில்லை. இங்கிலீஷ்காரனுக்குத்தான் தொல்லை. ‘இட் இஸ் ஐ’யா, ‘இட் இஸ் மீ’யா?

லௌத்தின் விதி தெளிவு. ‘பி’ வினைக்குப் பின்னாடி எழுவாய் வடிவம்தான். ஆகவே ‘இட் இஸ் ஐ’. அவரைப் போன்றவர்கள் படித்து வளர்ந்த லத்தீனில் அப்படித்தான். பைபிளிலும் அப்படித்தான் இருந்தது. அடிக்குறிப்புகளில் ஷேக்ஸ்பியர், மில்டன், ஸ்விஃப்ட், போப் என்று பெரிய தலைகளின் வரிகளை எடுத்துப் போட்டு, இது தப்பு, இது தப்பு என்று காட்டினார். எனக்கு இதில் ஒரு அல்ப சந்தோஷம் உண்டு. ஷேக்ஸ்பியரும் நானும் ஒரே ரூமில் திட்டு வாங்கியிருக்கிறோம்.

ப்ரீஸ்ட்லி 1768-இல் தன் புத்தகத்தை விரிவாக்கித் திரும்பப் போட்டபோது இதே கேள்விக்கு வருகிறார். இலக்கணக்காரர்கள் எல்லாரும் ‘ஐ’ என்கிறார்கள், ஆனால் மக்கள் பேசுவதையும் நல்ல எழுத்தாளர்கள் எழுதுவதையும் பார்த்தால் விதியைத் திருப்பித்தான் எழுத வேண்டியிருக்கும் என்கிறார். அந்த இலக்கணக்காரர்கள் லத்தீனுக்கு ரொம்பவே தலை சாய்க்கிறார்களோ என்றும் சந்தேகப்படுகிறார். ஆய்வகத்துப் புத்தி. முதலில் கவனி, பிறகு விதி எழுது.

ஜெயித்தது லௌத். சந்தேகத்தோடு திரும்பிப்போக யாரும் காசு கொடுத்துப் புத்தகம் வாங்குவதில்லை. ப்ரீஸ்ட்லியின் வீட்டை 1791-இல் பர்மிங்ஹாமில் ஒரு கும்பல் கொளுத்தியது. காரணம் இலக்கணம் இல்லை, அவருடைய அரசியலும் மதமும். 1794-இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

லௌத்தின் விதிகளை வகுப்பறை வகுப்பறையாகக் கொண்டு சேர்த்தவர் லிண்ட்லி மர்ரே. பென்சில்வேனியாவில் பிறந்தவர், நியூயார்க்கில் வக்கீலாக இருந்தவர், பிறகு இங்கிலாந்தில் யார்க் நகரத்துப் பக்கம் குடியேறினார். அங்கிருந்த ஒரு பெண்கள் பள்ளி ஆசிரியைகள் கேட்டுக்கொண்டதால் 1795-இல் ஓர் இலக்கணப் புத்தகம் தொகுத்தார். பெரும்பகுதி முன்னோர்களிடமிருந்து எடுத்துக் கோத்தது. அதை அவர் ஒளிக்கவும் இல்லை. அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும் பல பத்தாண்டுகளுக்கு மறுபதிப்பு மறுபதிப்பாகப் போனது. மர்ரே ஒரு குவேக்கர் என்பதுதான் வேடிக்கை. அவருடைய அதே சமூகத்தில், அமெரிக்காவில், பலர் பின்னாளில் ‘தௌ’வை விட்டுவிட்டு ‘தீ’யையே எழுவாயாகப் பேசினார்கள். ‘ஹிம் இஸ்’ மாதிரி ‘தீ இஸ்’.

நம்ம ஊருக்கு இந்த விதிகள் வந்து இறங்கிய வடிவத்துக்குப் பேர் உங்க அப்பா அம்மாவுக்கே தெரியும். ரென் அண்ட் மார்ட்டின். 1930-களில் வந்த புத்தகம். பி.சி. ரென் பம்பாய் பக்கம் கல்வித் துறையில் வேலை பார்த்தவர், பிறகு ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலால் புகழ் பெற்றவர். அந்தப் புத்தகத்திலும் ‘பி’ வினைக்குப் பின் எழுவாய் வடிவம் என்ற விதி இருக்கிறது. ஆக, ஒரு பிஷப் தன் பையனுக்கு எழுதி வைத்தது, லண்டன், யார்க், பம்பாய் வழியா சுத்தி, ஓஎம்ஆர்ல ஒரு ஏசி ரூம்ல என் தலையில விழுந்துச்சு.

இதை வச்சு நான் ஒரு தியரி பண்ணி வச்சிருந்தேன். வாத்தியார்கள் ‘மீ’யைப் பார்த்து அதட்டினாங்க. பயந்தவங்க எல்லா இடத்துலயும் ‘ஐ’ போட்டாங்க. அதுதான் ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’. பயத்தால் பிறந்த தப்பு. என் 143 மெயில்களும் அதற்குச் சாட்சி.

தியரி பாதியில உடையுது. ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்திலேயே இருக்கிறது. நண்பனுக்கு அன்டோனியோ எழுதுகிற கடிதத்தில். அந்த நாடகம் 1590-களில் எழுதப்பட்டது. லௌத் பிறக்க இன்னும் நூறு வருஷம் இருக்கிறது. யாரும் அதட்டாமலே அந்த ‘ஐ’ அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

மொழியியலாளர்கள் பலர் சொல்வது இது. ‘அண்ட்’ என்று ஒரு வேலியைப் போட்டு இரண்டு ஆளை ஜோடி சேர்த்ததும், வெளியே இருக்கும் வினையோ ‘பிட்வீன்’ போன்ற வார்த்தையோ வேலியைத் தாண்டி உள்ளே வந்து ‘நீ ஐயா, மீயா’ன்னு கட்டளை போடுவது பலவீனமாகிவிடுகிறது. அதனால்தான் ‘சென்ட் டு ஐ’ என்று எவரும் உளறுவதில்லை, ‘சென்ட் டு ஹிம் அண்ட் ஐ’ மட்டும் எல்லாருக்கும் வருகிறது. பில் கிளின்டன் 1992-இல் தனக்கும் அல் கோருக்கும் வாய்ப்புக் கேட்டபோது ‘கிவ் அல் கோர் அண்ட் ஐ’ என்றார். ஒபாமாவும் ‘ஃபார் மிஷேல் அண்ட் ஐ’ என்று சொல்லி, 2009-இல் செய்தித்தாள்களில் அலசப்பட்டார். ஹார்வர்டில் சட்டம் படித்த ஆள். அவரை யாராவது எந்த ஸ்கூல்னு கேட்டாங்களான்னு தெரியல.

மொழியில் ஏற்கெனவே ஒரு ஆட்டம் இருந்தது. வாத்தியார்கள் வந்த பிறகு அந்த ஆட்டத்துக்கு ஒரு சாய்வு கிடைத்தது. ‘மீ’ பக்கம் சாய்ந்தால் தற்குறி, ‘ஐ’ பக்கம் சாய்ந்தால் படித்தவன். என் மேனேஜர் மெயிலைத் திருத்தாமல் விட்டதும் இந்தச் சாய்வுதான். நான் இன்னிக்கும் கிளையண்டுக்கு எழுதும்போது விரலை வச்சு மறைச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்பறேன். எதிர்ல இருக்கிறவர் எந்தப் புத்தகம் படிச்சு வளர்ந்தார்னு எனக்குத் தெரியாதே. ‘பிட்வீன் யூ அண்ட் மீ’ன்னு எழுதிடுங்க, எந்தக் கட்சிக்காரனும் சண்டைக்கு வரமாட்டான். கதவைத் தட்டும்போது ‘இட்ஸ் மீ’ன்னே சொல்லுங்க. அந்த ஒரு விஷயத்துல கடைசியில ப்ரீஸ்ட்லி ஜெயிச்சுட்டார்.

போன வாரம் எங்க ஸ்டாண்டப். இப்போ அந்த காலை நடத்தறது நான். காலேஜ் முடிச்சு அஞ்சு வாரமான ஒரு தம்பி அன்மியூட் பண்ணி, ‘மீ அண்ட் ஹர் புஷ்டு த ஃபிக்ஸ் யெஸ்டர்டே நைட்’னான். சொல்லி முடிச்ச அடுத்த செகண்டே அவன் முகம் மாறுறது ஸ்கிரீன்ல தெரிஞ்சுது. வீடியோ கட்டத்துல ரெண்டு பேர் கையால வாயை மூடிக்கிட்டாங்க. எல்லாரும் என்னைப் பாக்கறாங்க.

‘சூப்பர்டா தம்பி. எந்த பிராஞ்சுல இருக்கு?’ன்னு கேட்டேன்.